டோடோவும் மானும்

சில நாடுகளின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளத் தடித்த புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அரசாங்கச் சின்னத்தை உற்றுப் பார்த்தாலே போதும். இந்து மகாசமுத்திரத்தில் உள்ள மோரிஷஸ் தீவின் சின்னம் அத்தகையது. நடுவிலே ஒரு கேடயம். ஒரு புறம் டோடோ பறவை; மறு புறம் ஒரு மான். துவாரபாலகர்களைப் போல, ஆளுக்கு ஒரு கரும்புடன் நிற்கின்றன. 1906-ல் ஏற்பட்ட இந்தச் சித்திரம், 1968-ல் தீவு சுதந்திரம் அடைந்த பிறகும் நீடிக்கிறது.

பார்த்தால் ஜன்மாந்தர சிநேகிதர்கள் என்றே தோன்றும். ஆனால் டோடோ அந்த மண்ணின் குழந்தை. மான், 1639-ல் ஜாவாவிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுவந்து விட்ட விருந்தாளி. கரும்பும் அப்படி வந்ததுதான்.

மனிதன் வருவதற்கு முன் அந்தத் தீவில் நாலு கால் மிருகம் எதுவும் டோடோவைத் துரத்தியதில்லை. ஓட வேண்டாத இடத்தில் பறப்பானேன்? சிறகு சிறுத்தது, முட்டையையும் தரையிலேயே இட்டது. 1598-ல் டச்சுக்காரர்கள் கரையேறினார்கள். கப்பல்களோடு பன்றியும் குரங்கும் எலியும் வந்து சேர்ந்தன. மாலுமிகள் பறவையைத் தின்றார்கள்; இவை முட்டையைத் தின்றன. காடும் அழிந்தது. 1662-ல் ஒரு மாலுமி கண்டதையே நம்பத்தக்க கடைசிச் சாட்சியாகப் பலர் கொள்கிறார்கள். 64 வருஷத்தில் ஒரு குலமே முடிந்தது!

அந்த வருஷங்களுக்குள் டோடோ நம் நாட்டுக்கும் வந்தது. ஸூரத்தில் இரண்டைப் பார்த்ததாக பீட்டர் மண்டி என்ற ஆங்கில யாத்ரீகர் எழுதியிருக்கிறார். 1625-ஐ ஒட்டி, ஜஹாங்கீரின் ஆஸ்தான ஓவியர் உஸ்தாத் மன்ஸூர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ சித்திரம் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடாஜ் மியூஸியத்தில் இருக்கிறது. சுற்றிலும் கிளி, வாத்து முதலிய நம் ஊர்ப் பறவைகள், நடுவே டோடோ. அங்கே அயலூரான் டோடோதான்! ஆயினும் அதனால் ஒரு முட்டைக்கும் சேதமில்லை. அயலூரிலிருந்து வருவதே குற்றமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். அவர்களிலே தமிழர்களும் உண்டு. வந்தவர்களை எல்லாம் வைவதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. பன்றியும் குரங்குமே கூடத் தாமாகவா கப்பல் ஏறின?

அந்தச் சின்னத்தில் பன்றி இல்லை, எலி இல்லை. ஆனால் கேடயத்தின் ஒரு மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு கப்பல் இருக்கிறது. எழுதியவன் நினைத்து எழுதினானோ இல்லையோ, சித்திரம் உண்மையைச் சொல்லிவிட்டது.