பாட்டுக்கு ஓர் அலமாரி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தில் இருந்து பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். 2022 ஜூன் மாதம் ஸ்வீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் பெங்களூர் நாகசந்திராவில் கடை திறந்தது. அதன் பிறகு, தட்டையான அட்டைப் பெட்டியில் அலமாரி வாங்கி வருவது இந்தப் பகுதி மக்களுக்கும் எட்டும் விஷயமாகிவிட்டது. பெட்டிக்குள் பலகைகளும் திருகாணிகளும் தனித்தனியாக இருக்கும். வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனை புதிதல்ல. ஆஸ்திரியாவின் தோனெட் நிறுவனம் 1859-ல் 14-ஆம் எண் நாற்காலியைக் கொண்டுவந்தது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1956-ல் ஐக்கியாவின் கில்லிஸ் லுண்ட்கிரென் காருக்குள் நுழையாத ஒரு மேசையின் கால்களைக் கழற்றினார். அதுதான் அந்த நிறுவனத்தின் வழி ஆனது. காரணம் எளிது. பூட்டிய அலமாரிக்குள் பெரும்பகுதி வெறும் காற்று. காற்றுக்கு யார் லாரி வாடகை கொடுப்பார்கள்?

ஆனால் பாட்டும் படமும் சேர்ப்பவர்களுக்கு வேறொரு தலைவலி உண்டு. அதுதான் அளவு. 1948-ல் எல்.பி. இசைத்தட்டு வந்தது, குறுக்களவு 30 செ.மீ. 1963-ல் பிலிப்ஸின் கேசட் வந்தது, பெட்டியோடு சுமார் 11 செ.மீ. நீளம். 1982-ல் சிடி, 1996-ல் டிவிடி. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்றபோது வீடுகளில் வட்டுகள் குவிந்தன. கேசட்டுக்கென்றே பள்ளம் வெட்டிய ஸ்டாண்டில் ஒரு சிடியைக்கூடச் செருக முடியவில்லை. கேசட் போனதும் ஸ்டாண்டும் பரணுக்குப் போனது.

இதற்கு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்திய டெமட்ரியஸ் கோமினோ, அடிக்கடி அலமாரியை மாற்ற வேண்டியிருந்ததால் வரிசையாகத் துளையிட்ட இரும்புக் கோணச் சட்டத்தை உருவாக்கி, 1947-ல் டெக்ஸியான் நிறுவனத்தைத் தொடங்கினார். நம் ஊர்க் கடைகளிலும் நூலகங்களிலும் நிற்கும் 'ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்' அந்த வம்சம்தான். போல்ட்டைக் கழற்றித் தட்டை மேலே கீழே நகர்த்தலாம். மரப்பலகையில் 32 மி.மீ. இடைவெளியில் துளையிடும் ஐரோப்பிய முறையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2014-ல் ஐக்கியா தன் 'எக்ஸ்பெடிட்' அலமாரியை நிறுத்துவதாக அறிவித்ததும் இசைத்தட்டு சேகரிப்பவர்கள் கொதித்துப் போனார்கள். அதன் கட்டங்கள் எல்.பி. உறைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. அடுத்து வந்த 'கல்லாக்ஸ்' கட்டங்களுக்கும் உள்ளளவு மாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிம்மதி.

ஆக, சிறிய வீட்டுக்கு அலமாரி வடிவமைப்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று. தட்டு நகர வேண்டும். பலகை நீளம் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் 100 எல்.பி.க்கள் உறையோடு 20 கிலோவைத் தாண்டும், நீளப் பலகை நடுவில் தொய்யும். பின்புறம் மெல்லிய பலகையாவது அடிக்க வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் ஆடும்.

2017-ல் சரிகம வெளியிட்ட 'கார்வான்' பெட்டிக்குள் 5000 பாடல்கள் இருந்தன. அதற்கு அலமாரியே தேவையில்லை. ஆனாலும் அப்பா வாங்கிய கேசட்டைத் தூக்கிப் போட மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். துளை போட்ட அலமாரி அவர்கள் வீட்டில் இன்று கேசட்டைத் தாங்கும், நாளை புத்தகத்தைத் தாங்கும்.