நூலாசிரியரும் பொதுநலப் பதிப்பாளரும்

பொருளீட்டலொன்றே கருதாது, மக்கள் நலங் கருதி நூல் வெளியிடும் பதிப்பாளர் எந்நாட்டினும் சிலர் உளர். அன்னாரிடம் தம் நூலைக் கொண்டு செல்வோர், 'நோக்கம் ஒன்றாயின் உடன்பாடும் எளிதே' என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை இங்கிலாந்தில் நிகழ்ந்த வரலாறொன்றால் ஈண்டு ஆராய்வாம்.

பீகாரைச் சார்ந்த மோதிகாரியில் 1903இல் பிறந்தவர் ஜார்ஜ் ஆர்வெல். பாரிசிலும் இலண்டனிலும் வறியரோடு வறியராய் வாழ்ந்ததை அவர் எழுதிய முதல் நூலைப் பதிப்பகத்தார் இருவர் மறுத்தனர். மனமுடைந்த அவர், அக்கையெழுத்துப் பிரதியை எரித்துவிடுமாறு நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். நண்பரோ அதனை எரியாது, நூல் முகவர் ஒருவரிடம் சேர்ப்பித்தார். அம்முகவர் வாயிலாக விக்டர் கொலான்ஸ் என்னும் பதிப்பாளர் அதனைப் பெற்று 1933இல் வெளியிட்டார்.

கொலான்ஸ் 1936இல் இடதுசாரி நூற்கழகம் ஒன்றைத் தொடங்கி, திங்கள்தோறும் ஒரு நூலை இரண்டரை ஷில்லிங் விலைக்கு உறுப்பினர்க்கு வழங்கினார். 1939இல் உறுப்பினர் தொகை 57,000 ஆயிற்று. வடஇங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர் நிலையைக் கூறும் ஆர்வெலின் நூல் 1937 மார்ச்சில் இக்கழக வழியே வெளிவந்தது. அதன் பிற்பகுதியில் ஆசிரியர் சமதர்மவாதிகளையே குறை கூறியிருந்தார். எனினும் கொலான்ஸ், தம் மாறுபாட்டை முன்னுரையில் எழுதிச் சேர்த்து நூலை வெளியிட்டார். இஃது அவர்தம் பெருந்தன்மையே.

இதற்கிடையில், 1936 டிசம்பரில் ஆர்வெல் ஸ்பெயின் சென்று, பிராங்கோவை எதிர்த்த தொழிலாளர் கட்சி ஒன்றின் படையிற் சேர்ந்தார். 1937 மே மாதம் கழுத்திற் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்தார். பிராங்கோவை எதிர்த்தோருள்ளேயே பொதுவுடைமைக் கட்சியார் அத்தொழிலாளர் கட்சியை ஒடுக்கியதையும், தம் தோழர் சிறைப்பட்டதையும் நேரிற் கண்டார். அவற்றை நூலாக்கக் கருதியபோது, நூல் எழுதப்படுமுன்னரே கொலான்ஸ் மறுத்தார். பாசிசத்தை எதிர்க்கும் போருக்கு அஃது ஊறு செய்யும் என்பது அவர் கருத்து.

அந்நூலை ஏற்றவர் பிரெட்ரிக் வார்பர்க். அவரது செக்கர்–வார்பர்க் பதிப்பகம் 1936இல் தோன்றிய சிறு நிலையம். 1938 ஏப்ரலில் அந்நூலின் 1,500 படிகள் அச்சாயின. 1950 ஜனவரியில் ஆசிரியர் மறைந்த காலத்தும் அவை முற்றும் விற்றில. ஆயினும் அந்த ஸ்பானியப் போரைக் கற்போர் இன்று விடாது நாடும் நூல்களுள் அஃது ஒன்று.

இதனால் அறியத்தகுவன யாவை? பொதுநலப் பதிப்பாளர்க்கும் கொள்கை எல்லை ஒன்று உண்டு. அது நல்லெண்ணத்தாலேயே வகுக்கப்பட்டதாகவும் இருத்தல் கூடும். ஆதலின் மறுப்பு நேர்ந்தவழி, 'நூல் தீது' என்று ஆசிரியர் சோர்தலும், 'பதிப்பாளர் தீயர்' என்று சினத்தலும் பொருந்தா.

நம் சங்கத்து அன்பருள் நூல் எழுதப் புகுவோர், ஒரு பதிப்பாளரை அணுகுமுன் அவர் வெளியிட்டனவற்றுட் சிலவற்றைக் கற்க. தம் நூற்பொருள் இன்னது, அஃது இன்னார்க்குப் பயன்படும், யாம் நேரிற் கண்டறிந்தது இவ்வளவு என்பவற்றை ஒரு தாளில் அடங்க எழுதி விடுக்க. அவர்க்கு உவப்பாகாதது நூலில் உளதேல் அதனையும் மறையாது கூறுக. அவர் மறுப்பின், கண்ட உண்மையை நீக்கித் தருதலினும், வேறொருவர் வாயிலை நாடுதலே தக்கது.