கந்தமாலும் நம் சாதிச் சான்றிதழும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் ஒடிசாவின் கதை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். அங்கே எரிந்த வீடுகளில் பெரும்பாலானவை நம்மைப் போன்றோரின் வீடுகள். ஆதலால் எழுதுகிறோம்.

கந்தமால் ஒடிசாவின் மலை மாவட்டம். கந்தர் என்னும் பழங்குடியினரே அங்குப் பெரும்பான்மையோர். அவர்களை அடுத்து வாழ்வோர் பாணோ என்னும் தாழ்த்தப்பட்ட மக்கள். கந்தரின் குயி மொழி நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி; பாணோக்களிலும் பலர் அதைப் பேசுவர். பாணோக்களில் பெருந்தொகையினர் கிறித்தவம் தழுவியவர்கள். நிலத்தைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் இரு சாராரிடையே நெடுநாளைய பூசல் உண்டு. 2007 கிறிஸ்துமஸ் நாட்களிலேயே அங்கு ஒரு கலவரம் மூண்டிருந்தது.

2008 ஆகஸ்டு 23 இரவு விசுவ இந்து பரிசத் தலைவர் சுவாமி இலட்சுமணானந்த சரசுவதியும் உடனிருந்த நால்வரும் ஜலேஸ்பட்டா ஆசிரமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைச் செய்தவர்கள் தாங்களே என மாவோயிஸ்டுத் தலைவர் ஒருவர் பின்னர் அறிவித்தார். ஆயினும் பழி கிறித்தவர் தலையில் விழுந்தது. காட்டில் ஆயுதம் ஏந்தியோர் கையில் சிக்கவில்லை. குடிசையில் இருந்த ஏழை சிக்கினான். அரசுக் கணக்கில் மாண்டோர் ஏறத்தாழ 40 பேர். கிறித்தவ அமைப்புகள் சொல்லும் தொகை அதனினும் மிகுதி. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினர். மதம் மாறினால்தான் ஊர் திரும்பலாம் என்று பலரிடம் கூறப்பட்டது.

சுவாமியின் கொலை வழக்கில் 2013இல் கிறித்தவர் எழுவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அவர்களைப் பிணையில் விட்டது. கலவர வழக்குகளோ 827. அவற்றில் 315 குற்றப்பத்திரிகையே இன்றி முடிக்கப்பட்டன. தீர்ப்பான 362இல் தண்டனை கிடைத்தவை 78 மட்டுமே. 2016இல் உச்ச நீதிமன்றமே இதனைக் குறையாகச் சுட்டியது.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி, கிறித்தவரான தாழ்த்தப்பட்டவர் பட்டியல் சாதியினர் ஆகார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அக்கதவு திறந்தது. ஆகவே, சாதியின் பெயரால் அடிபட்ட பாணோ கிறித்தவர் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் தர இயலாது. அடித்தவனோ அவரது சாதியை நன்கறிவான்!

மம்சாபுரத்துப் பிள்ளைகளுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் நாமே எழுதியிருக்கிறோம்: ஒரே தெரு, ஒரே பாட்டனார், அண்ணன் மகன் இந்து ஆதிதிராவிடர், தம்பி மகன் கிறித்தவ ஆதிதிராவிடர். முன்னவன் பட்டியல் சாதி, பின்னவன் பிற்படுத்தப்பட்டோர். கல்வி உதவித் தொகைப் படிவம் வரும்போது இருவரும் ஒருங்கே வந்து நிற்பார்கள். ஒருவனிடம் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவனுக்கு வேறு படிவத்தைத் தேடுவோம்.