கரும்புத் தொட்டிலும் வல்லாள மகாராஜாவும்

குழந்தை பிறந்த வீட்ல முதல் ஒரு மாசத்துக்குள்ள வர்ற சண்டை ஒண்ணு இருக்கு. தூளியில போடலாமா கூடாதா? "தூளி கட்டாம எப்படிம்மா தூங்கும்"னு பாட்டி. "டாக்டர் படுக்கையில போடச் சொன்னாரு"ன்னு மருமகள். இந்தச் சண்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி திருவண்ணாமலைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுவோம். ஏன்னா தூளிக்குன்னே ஒரு வேண்டுதல் இருக்கிற ஊர் அது.

கார்த்திகை தீபத் திருவிழாவுல, முக்கியமா ஏழாம் நாள் தேரோட்டத்தப்போ, மாட வீதியில பார்த்திருப்பீங்க. கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதுல சேலையைத் தொங்கவிட்டு, உள்ள குழந்தை. முன்பக்கம் ஒருத்தர் தோள், பின்பக்கம் இன்னொருத்தர் தோள். பிள்ளை வரம் கேட்டு, கிடைச்சவங்க செலுத்துற நேர்த்திக்கடன். இவ்வளவு கூட்டத்துலயும் மேளச் சத்தத்துலயும் உள்ள இருக்கிறது பாட்டுக்கு அசந்து தூங்கும்!

இதுக்கு வல்லாள மகாராஜாவைக் காரணமா சொல்றவங்க உண்டு. சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்துல வர்ற கதை. ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. சிவனடியாரா வந்த இறைவனை இளைய ராணி தொட்டதும் அவர் கைக்குழந்தை ஆயிடறார். ராஜா ஆசையா எடுக்கிறதுக்குள்ள மறைஞ்சும் போயிடறார். "உனக்கு மகனா இருந்து கடைசிக் கடனை நான் செய்வேன்"னு வாக்கு. இன்னிக்கும் மாசி மகத்தன்னிக்கு அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுத்துட்டுத்தான் வர்றார்.

சரி, சரித்திரம் என்ன சொல்லுது? இவர் ஹொய்சாள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். வடக்கேயிருந்து வந்த படையெடுப்புகளுக்கு அப்புறம் திருவண்ணாமலையைத் தலைநகரமா வெச்சுக்கிட்டவர். கோயில்ல வல்லாள கோபுரம் இவர் பேர்லதான் நிக்குது. 1342-43 வாக்குல, எண்பது வயசுக்கு மேல, மதுரை சுல்தான் கியாசுத்தீனோட போர்ல பிடிபட்டு கொல்லப்பட்டார். தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சு மதுரைக் கோட்டைச் சுவர்ல தொங்கவிட்டதைத் தானே பார்த்ததா இபின் பதூதா எழுதி வெச்சிருக்கார்.

இதுல ஒரு சிக்கல். பிள்ளையில்லாத ராஜான்னு புராணம் சொல்லுதே, அவருக்குப் பின்னாடி நான்காம் வல்லாளன்னு மகன் பட்டத்துக்கு வந்திருக்கார்! கொஞ்ச காலம்தான், அதோட ஹொய்சாள வம்சமே முடிஞ்சுது. என்னைக் கேட்டா, அப்படிச் செத்த கிழவருக்கு நல்லபடியா ஒரு ஈமக்கடன் நடந்திருக்கணும்னு ஊர் ஆசைப்பட்டிருக்கு. அதுக்கு ஒரு பிள்ளை வேணும். சாமியையே பிள்ளையாக்கிடுச்சு. ஆதாரம் கேக்காதீங்க, என் ஊகம்தான்.

இப்ப வீட்டுத் தூளிக்கு வருவோம். ஆட்டினா குழந்தை தூங்கும், அதுல சந்தேகமே இல்லை. அமெரிக்க டாக்டர் எம்மட் ஹோல்ட் 1894-ல எழுதின புத்தகத்துல, ஆட்டித் தூங்க வைக்கிறது கெட்ட பழக்கம்னு தாய்மாரை மிரட்டி வெச்சார். 2022-ல ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்துக்காரங்க நேர் எதிரா சொன்னாங்க. அழற குழந்தையைத் தூக்கிக்கிட்டு 5 நிமிஷம் நடங்க, தூங்கினதும் 5 முதல் 8 நிமிஷம் மடியில வெச்சிருந்துட்டு அப்புறம் கீழ விடுங்கன்னு. படிச்சப்போ எனக்கு மாட வீதிதான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா தூங்க வைக்கிறது வேற, ராத்திரி முழுக்க அதுலயே விடறது வேற. துணி வளைஞ்சு தொங்குறதால குழந்தையோட முகவாய் நெஞ்சுல இடிக்கும், மூச்சுப் பாதை மடங்கும். தலையை நிமித்திக்க சின்னக் குழந்தைக்குத் தெம்பு கிடையாது. சாய்வுத் தொட்டிலுக்கும் இதே கதைதான். அமெரிக்காவுல பிரபலமா இருந்த ஒண்ணை, 30-க்கும் மேல சாவுகள் பதிவான பிறகு, 2019-ல திரும்ப வாங்கினாங்க. விற்றிருந்தது சுமார் 47 லட்சம்! 2022-ல 10 டிகிரிக்கு மேல சாய்வான குழந்தைப் படுக்கைகளுக்குத் தடைச் சட்டமே வந்துடுச்சு. சமதளமான, கெட்டியான படுக்கையில மல்லாக்கப் போடுங்கன்னுதான் குழந்தை டாக்டர்கள் சொல்றாங்க. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைங்க சேலைத் தூளியில விளையாடும்போது கழுத்துல சுத்திக்கிட்ட செய்தியும் நம்ம பேப்பர்ல அடிக்கடி வருது.

"நாங்கல்லாம் தூளியில வளரலையா?"ன்னு பாட்டி கேட்பாங்க. வளர்ந்தீங்க பாட்டி, ஆனா அப்ப தூளிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அத்தையோ சித்தியோ பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே. இப்ப மோட்டார் வெச்ச தொட்டில் தானா ஆடுது, வீட்ல இருக்கிற ரெண்டு பேரும் அசந்து தூங்கறாங்க. கரும்புத் தொட்டில்லயும் ரெண்டு பேர் தோள் கொடுத்திருக்காங்க, ரெண்டு பேரும் முழிச்சிருக்காங்க. சுத்து முடிஞ்சதும் குழந்தையைக் கையில எடுத்துடறாங்க.

அதனால எங்க வீட்ல கேட்டவங்களுக்கு நான் சொன்னது இதுதான். பகல்ல, ஆள் பக்கத்துல இருக்கும்போது ஆட்டுங்க. கண்ணு சொருகினதும் எடுத்துப் பாயில போட்டுடுங்க. எடுக்கும்போது முழிச்சுக்கிச்சுன்னா? முழிக்கும்தான். மறுபடி தூக்கிக்கிட்டு நடக்க வேண்டியதுதான் :-)