அடுத்த வீட்டு மொழியில் பேசும் பேய்
('மணிச்சித்திரத்தாழ்' – 'சந்திரமுகி': ஓர் ஒப்பீடு)

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இக்கடற்கரை, துறைமுகமும் ஆலைகளும் அழைத்துவந்த மக்களின் உறைவிடம். இங்குத் தமிழும் தெலுங்கும் ஒரே குழாயடியில் புழங்கும். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குப் பேய்ப்படம் பற்றி எழுதவிருக்கிறேன் என்றபோது நண்பர் சிலர் வியந்தனர். இப்பகுதிக்கும் அப்படத்துக்கும் உள்ள தொடர்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படம் 1993 டிசம்பரில் வெளிவந்தது. மாடம்பள்ளி என்னும் பழைய இல்லத்தில் வாழவரும் கங்கா, பூட்டிக்கிடந்த அறையைத் திறக்கிறாள். முன்னொரு காலத்தில் அங்கே கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் ஆடல்மகளாகத் தன்னைக் கருதத் தொடங்குகிறாள். வீட்டார் பேயென்று அஞ்சியதை மருத்துவர் சன்னி மனநோயென்று காண்கிறார். கங்காவாக நடித்த ஷோபனா தேசிய விருது பெற்றார். நாகவல்லி தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவள் பேசுவது தமிழ்.

இக்கதையைப் பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும், 2005 ஏப்ரல் 14இல் தமிழில் 'சந்திரமுகி'யாகவும் தந்தார். இரண்டிலும் ஆடல்மகளின் மொழி தெலுங்கு. 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் அவள் வங்காளத்து மஞ்சுலிகா. மொழிகள் மாறினும் ஒன்று மாறவில்லை: இந்நான்கு படங்களிலும் பேய் அவ்வீட்டின் மொழியைப் பேசுவதில்லை.

இது வெறும் கற்பனையன்று. சுவாதித் திருநாளின் (ஆட்சி 1829–1846) திருவிதாங்கூர் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு கலை வளர்த்தார். தஞ்சை நாயக்கர் காலத்திலும் மராத்தியர் காலத்திலும் இசைக்கும் ஆடலுக்கும் தெலுங்கு பெருவழக்காக விளங்கிற்று. கலைஞர் மொழியெல்லை கடந்து அவைக்கு அவை சென்றது வரலாறு. விரும்பிச் சென்றாரும் உளர். வேந்தர் விருப்பத்துக்குப் பணிந்து சென்றாரும் உளர். இரண்டாம் வகையினரின் துயரமே இக்கதையின் கரு.

ஈண்டு ஒன்று எண்ணத்தக்கது. நாகவல்லியைக் கொன்ற சங்கரன் தம்பி அவ்வீட்டின் தலைவன். சந்திரமுகியின் காதலன் குணசேகரனின் தலையைக் கொய்து, அவளை உயிரோடு எரித்த வேட்டையன் தமிழ் மண்ணின் மன்னன். கொன்றவன் நம்மவன், கொல்லப்பட்டவள் அயலாள். அவையோர் அஞ்சுவதோ அவளைக் கண்டு.

மலையாளப் படம் கங்காவின் தனிமை மிக்க இளமைக்கு இடம் தருகிறது; பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த குழந்தையை நாம் அறிகிறோம்; எனவே இரங்குகிறோம். தமிழில் ஜோதிகாவின் நடிப்பு சிறந்ததாயினும், நாயகனின் ஆளுமை அவ்விடத்தைப் பெரிதும் நிரப்பிவிடுகிறது. ரஜினிகாந்த் வேட்டையனாக வேடமிட்டு வரும் காட்சியில் தண்டையார்பேட்டைத் திரையரங்கு ஒன்றே அதிர்ந்ததை நான் கண்டேன். கொலைகாரனுக்கே கைதட்டல் கிடைத்தது. 2023இல் வந்த 'சந்திரமுகி 2' மனநோய் என்னும் விளக்கத்தையும் கைவிட்டு ஆவியை மெய்யாக்கிற்று. நோயுற்றவளுக்கு மருத்துவம் உண்டு. ஆவியை விரட்டுவதன்றி வேறு வழியில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. நாகவல்லியின் தமிழ்க் குரல் துர்கா என்னும் பின்னணிக் குரல் கலைஞருடையது. 2016இல் ஃபாசில் அதை வெளிப்படுத்தும்வரை பலரும் அக்குரலை வேறொருவருடையது என்றே நம்பியிருந்தனர். கதைக்குள் கொல்லப்பட்டவளுக்கு வெளியேயும் இருபதாண்டுகளுக்கு மேல் பெயரில்லை.

'சந்திரமுகி' வந்த ஆண்டில் நான் ஆசிரியப் பணிக்குப் புதியவள். மாணவி ஒருத்தி தன் தாயுடன் தெலுங்கில் பேசக் கேட்ட தோழியர் அவளைச் 'சந்திரமுகி' என்று அழைக்கலாயினர். நானும் சிரித்தேன். அதன்பின் வாயிலில் தன்னை அழைத்துச் செல்ல வரும் தாயிடம் அவள் தமிழிலேயே பேசினாள். தாயோ சொல் கிடைக்காமல் தலையை மட்டும் அசைப்பார். மூன்று தலைமுறையாக இக்கடற்கரையில் வாழும் குடும்பம் அது.

தமிழ் கற்பிக்கும் நான் அன்று ஒரு சொல்லேனும் சொல்லியிருக்க வேண்டும். நம் வட்டத்துக் கவிஞர்கள் இப்பகுதியைப் பாடும்போது அக்குழாயடியில் கேட்கும் மற்றை மொழிக்கும் ஓரடி ஒதுக்குவார்களாயின், என் அன்றைய மௌனத்துக்கு அது சிறிது ஈடாகும்.