மாற்றார் மனமறிதல்

அரசியல் நடத்துவோர் தம் வலிமையை அறிந்தால் மட்டும் போதாது. எதிர்நிற்பவர் எவ்வாறு எண்ணுகிறார் என்பதையும் அறிதல் வேண்டும். இதனை நன்குணர்ந்த வள்ளுவர் ஒற்றாடல், தூது, குறிப்பறிதல் ஆகிய மூன்றையும் பொருட்பாலில் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். மாற்றார் என்ன செய்கின்றனர் என்பதை ஒற்றன் அறிந்து வருவான். அவர் ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிவதோ அதனினும் அரிய கலை. அக்கலையின் அருமையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று சிங்கப்பூர் வரலாற்றில் உண்டு.

மலேசியா உருவாவதை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகார்னோ 1963ஆம் ஆண்டு மோதல் கொள்கையை மேற்கொண்டார். சிங்கப்பூர் அவ்வாண்டு மலேசியாவுடன் இணைந்தது. ஆகவே மோதலின் வெம்மை அதனையும் தாக்கியது. 1965 மார்ச் 10ஆம் நாள், ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில் உள்ளது அக்கட்டடம். மூவர் மாண்டனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். குண்டு வைத்த உஸ்மான், ஹாருன் என்னும் இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவரும் பிடிபட்டனர். நீதிமன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது.

1966இல் மோதல் ஓய்ந்தது. இந்தோனேசியாவில் ஆட்சி சுகார்த்தோவின் கைக்கு மாறியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த சி. ராஜரத்தினம், சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சராக 1967இல் ஆசியான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். நட்பு அரும்பிய அவ்வேளையில் சிறையிலிருந்த இருவரின் தலைவிதி பெருஞ்சிக்கலாக எழுந்தது. அவர்களுடைய மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின. சுகார்த்தோ தம் தூதரை அனுப்பி, உயிர்ப்பிச்சை வேண்டினார்.

ஒரே செயலை இரு நாடுகளும் வெவ்வேறு கண்கொண்டு நோக்கின. அரசின் ஆணையை நிறைவேற்றிய வீரர்கள் என்றது ஜகார்த்தா. குடிமக்களைக் கொன்ற கொலையாளிகள் என்றது சிங்கப்பூர். பெரிய அண்டை நாட்டின் வேண்டுகோளுக்காகத் தன் சட்டத்தை வளைத்தால் சின்னஞ்சிறு நாட்டின் இறைமைக்குப் பொருள் என்ன? 1968 அக்டோபர் 17ஆம் நாள் தண்டனை நிறைவேறியது. ஜகார்த்தாவில் இருந்த சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. இருவரின் உடலும் கலிபாத்தா வீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. தேசிய வீரர் என்னும் பட்டமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

இப்பிளவை எவ்வாறு இணைப்பது? 1970இல் லீ கூன் சோய் தூதராக ஜகார்த்தா சென்றார். அவர் இந்தோனேசிய மொழியைச் சரளமாகப் பேசினார். அந்நாட்டுக் கலைகளில் ஈடுபாடு கொண்டார். சுகார்த்தோவுக்கு நெருங்கிய தளபதிகளுடன் பழகினார். ஒப்பந்தங்களாலும் வணிகத்தாலும் மட்டும் அந்தப் புண் ஆறாது என்பதை அவர் கண்டார். மாண்டோர் ஆன்மாவை மதிக்கும் ஜாவா மக்களின் மனத்துக்கு, அக்கல்லறைகளில் தூவப்படும் மலரே மொழியாகும் என்பதை உணர்ந்தார். வீழ்ந்தவர்க்கு நடுகல் நாட்டி மாலை சூட்டிய மரபில் வந்த தமிழருக்கு இவ்வுணர்வு புதிதன்று.

பிரதமர் லீ குவான் இயூ அவ்வறிவுரையை ஏற்றார். 1973 மே மாதம் ஜகார்த்தா சென்ற அவர், தம் அரசு தூக்கிலிட்ட இருவரின் கல்லறைகளிலும் மலர் தூவினார். பின்னர் சுகார்த்தோவும் அவரும் மொழிபெயர்ப்பாளர் இன்றித் தனித்து அமர்ந்து உரையாடினர். மறு ஆண்டில் சுகார்த்தோ சிங்கப்பூருக்கு வந்தார். அன்று தளிர்த்த நட்பு நெடுங்காலம் நிலைத்தது. 2008 ஜனவரியில் சுகார்த்தோ உயிருக்குப் போராடியபோதும் லீ நேரில் சென்று கண்டார்.

ஈண்டு கருதத்தக்கது ஒன்று உண்டு. மலர் தூவியதால் தீர்ப்புப் பிழையென்று ஆகிவிடவில்லை. சிங்கப்பூர் தன் நிலையை விட்டுக் கொடுக்கவும் இல்லை. 2014இல் இந்தோனேசியா தன் போர்க்கப்பலுக்கு அவ்விருவரின் பெயரைச் சூட்ட முற்பட்டபோது சிங்கப்பூர் வன்மையாக மறுப்புத் தெரிவித்தது. 2015 மார்ச் 10ஆம் நாள், வெடிப்பு நிகழ்ந்து ஐம்பதாண்டு நிறைந்தபோது, மெக்டொனால்ட் ஹவுஸுக்கு எதிரே, மோதலில் மாண்டோருக்கும் நாட்டைக் காக்க நின்றோருக்கும் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

மாற்றார் மனத்தை அறிதல் வேறு. மாற்றாருக்குப் பணிதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர், அறிந்துகொள்ள முயல்வதையே கோழைமை என்று இகழ்வர். 1968இல் காட்டிய உறுதி இன்றேல் 1973இல் தூவிய மலர் அச்சத்தின் அடையாளமாகவே எண்ணப்பட்டிருக்கும். அம்மலர் இன்றேல் அவ்வுறுதி தீராப் பகையாகவே முடிந்திருக்கும். மொழியைக் கற்று, பண்பாட்டை மதித்து, பிறர் துயரத்தின் தன்மையை உணர்ந்தவருக்கே இரண்டையும் உரிய காலத்தில் செய்யும் அறிவு வாய்க்கும். ஆர்ச்சர்ட் சாலையின் நினைவுச் சின்னமும் கலிபாத்தாவின் கல்லறைகளும் நாளைய தலைமுறைக்குப் புகட்டும் பாடம் அதுவே.