காந்தி மார்க்கெட்டும் அண்டைவீட்டு அடுக்களையும்

திருச்சிராப்பள்ளிக்குப் புதிதாக வருவோர் 'மேலப்புலிவார்டு ரோடு', 'கீழப்புலிவார்டு ரோடு' என்னும் பெயர்களைக் கேட்டதும், புலி எங்கே என வினவுவதுண்டு. புலி ஏதும் இல்லை. 'பூல்வார்' என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வழியே வந்து மக்கள் நாவில் புலியாயிற்று. அச்சொல்லின் பழம்பொருள் கோட்டைக் கொத்தளம் என்பதாகும். நாயக்கர் காலத்து மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்ட தடத்திலேயே அச்சாலைகள் அமைந்தன. மதில் மறைந்தது, அதன் பெயர் மக்கள் பேச்சில் நின்றது.

மதில் காத்த நகரைப் பின்னர் ஊட்டி வளர்த்தது சந்தை. 1868ஆம் ஆண்டு தோன்றிய அச்சந்தை, 1927இல் விரிவுபெற்றுக் காந்தியடிகளின் பெயரை ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் அடிகளும் திருச்சிக்கு வந்திருந்தார். முதல் உலகப் போருக்குச் சென்ற இவ்வூர் வீரர்களின் நினைவுச் சின்னமும் சந்தையருகே நிற்கிறது.

கல்லில் பொறித்த வரலாறு இவ்வளவே. பொறிக்கப்படாத வரலாறு வீடுகளில் உள்ளது. வரகனேரி, தாராநல்லூர், பாலக்கரைப் பகுதிகளில் அன்றாடச் சமையலை முடிவு செய்வது மார்க்கெட் விலையே. இரவெல்லாம் லாரிகள் மூட்டைகளை இறக்கும்; விடியுமுன் மண்டிகளில் மொத்த வியாபாரம் நடந்தேறும். காலையில் கட்டுப்படியாகாத காய், பொழுது சாய்கையில் கூறு கட்டி மலிவாக வரும். அந்நேரம் அறிந்து பையுடன் புறப்படுவதே இல்லத்தரசியரின் பொருளியல். காவிரிக்கரை வாழையின் பூவும் தண்டும் காயும் குழம்பாகவும் கூட்டாகவும் மாறும். இலை பந்தியில் விரியும். வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயரை இலக்கிய வரலாறு நன்கறியும். அத்தெருக்களின் அடுக்களைகளை வரலாறு எழுதுவோர் அரிதாகவே எண்ணுவர்.

நெரிசல் கருதிச் சந்தையை இடம் மாற்றும் முயற்சிகள் நெடுநாளாக நடைபெறுகின்றன. கள்ளிக்குடியில் 2017இல் புதிய வளாகம் திறக்கப்பட்டும் வணிகர்கள் அங்குச் செல்ல இசையவில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மார்க்கெட் பல மாதம் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் ஜி கார்னர் மைதானத்தில் நடந்தது. பின்னர் பஞ்சப்பூரில் புதிய சந்தை அமைக்கும் திட்டமும் வந்தது.

நெரிசல் மெய்யே, மாற்றம் தேவையன்று என நாம் வாதிடவில்லை. எனினும், நடந்துபோய்க் கூறு வாங்கும் வழக்கம் ஒழிந்தால், அதைச் சார்ந்த சொற்களும் ஒழியும். இடிந்த மதிலை மக்கள் நாக்கு ஒரு சொல்லில் காத்துத் தந்தது. சந்தையின் சொற்களை, அவற்றைப் பேசும் முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல், பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்துக் கவிஞர்களின் கடமையாகும்.